எல்லாப் பழியும் சளி தலையில்

எங்கள் பக்கம் யாருக்காவது மூச்சு முட்டினால் விசாரணையே கிடையாது, குற்றவாளி ஏற்கெனவே பிடிபட்டாயிற்று: சளி. பிள்ளைக்கு ராத்திரி இருமலா, சளி. விறகடுப்பை ஊதி ஊதியே நெஞ்சு கெட்டுப்போன ஆச்சிக்கு இளைப்பா, அதுவும் சளி. டிபிக்கு ஆறு மாதம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தவர் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுகிறாரா, "உள்ள இன்னும் சளி கெட்டியா ஒட்டிக் கெடக்கு" என்று பக்கத்து வீட்டிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். அப்புறம் மிளகு ரசம், தூதுவளைத் துவையல், ஆடாதோடைக் கஷாயம், மருந்துக்கடை சிரப்பு என்று வரிசையாகப் படையெடுப்புதான்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை, எனக்கும் கஷாயம் பிடிக்கும். ஆடாதோடை சும்மா இல்லை, அதிலிருக்கும் வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் 1960-களில் புரோம்ஹெக்சின் மருந்தையே செய்தார்கள், இன்றைக்கும் பாதி இருமல் சிரப்பில் அதுவோ அதன் தம்பி அம்ப்ராக்சாலோ இருக்கும். சளியை இளக்கும், சரி. ஆனால் சளி என்பது கடைசியில் வெளியே வரும் சரக்கு. அதைச் சுரக்க வைக்கிற வேலை உள்ளே நடக்கிறது, மூச்சுக்குழாயின் சுவர் வீங்கிக் கிடக்கிறது, அந்த வீக்கத்தைப் பற்றி எங்கள் தெருவில் ஒருத்தரும் பேசுவதில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், கல்யாணமாகி இருப்பது பாளையங்கோட்டையில். அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, முக்கூடல் பக்கத்துக்காரர், பாவாடை கட்டிய வயதிலேயே மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவர், அவருக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். ஆக ஒரே அலமாரியில் இரண்டு பேருடைய இன்ஹேலரும் (எங்கள் பேச்சில் பம்ப்) இருக்கிறது, மூச்சு வாங்கும்போது இரண்டு பேர் நெஞ்சிலும் ஒரே விசில் சத்தம்தான், வீட்டுக்கு வருகிறவர்கள் "மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போறது இதுல மட்டுந்தான் போல" என்று சிரிப்பார்கள். அதிலும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் விஷயம். சத்தம் ஒன்று, உள்ளே நடக்கிற சண்டை வேறு, சண்டைக்கு வந்திருக்கிற ஆட்கள் வேறு, அதனால் மருந்தும் வேறு. "அத்தையோட பம்ப கொஞ்சம் குடு, எங்க வீட்டுல அவுகளுக்கு மூச்சு வாங்குது" என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கொசு கடித்த இடத்தைப் பாருங்கள். சிவக்கும், தடிக்கும், சுடும், வலிக்கவோ அரிக்கவோ செய்யும். ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நாலு அடையாளத்தை எழுதி வைத்துவிட்டார். இதைத்தான் அழற்சி என்கிறோம். அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ உடம்பு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, சின்ன ரத்தக்குழாய்களின் சுவரைத் தளர்த்தி, வெள்ளை அணுக்களை அங்கே இறக்கிவிடும், கூடவே நீரும் கசியும், வீக்கம் அப்படித்தான் வருகிறது. நல்ல காரியம்தான், இது இல்லாவிட்டால் ஒரு முள் குத்தினதற்கே ஆள் போய்ச் சேர வேண்டியதுதான்.

தோலில் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, வலிக்கிறது. நுரையீரலின் உள் திசுவில் வலியை உணர்கிற நரம்பு கிட்டத்தட்ட இல்லை, மேலே மூடியிருக்கும் உறைக்குத்தான் வலி தெரியும். உள்ளே வருஷக்கணக்கில் வீங்கிக் கிடந்தாலும் வலிக்காது, இருமலும் இளைப்பும் வந்து கதவைத் தட்டின பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறோம். அதில் பஸ் புகை, தாளிக்கிற புகை, பூஞ்சைத் தூள், கிருமி, மேலப்பாளையம் மாட்டுச் சந்தையின் புழுதி என்று எல்லாமே கலந்து வரும். மூச்சுக்குழாய் இரண்டிரண்டாகப் பிரிந்து, சுமார் 23 தடவை கிளைவிட்டு, கடைசியில் 30 கோடிக்கும் மேலான காற்றுப் பைகளில் முடிகிறது, அந்தப் பையின் சுவர் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கனம்கூடக் கிடையாது, அதற்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. இவ்வளவு மெல்லிய இடத்தில் தூசி வந்த ஒவ்வொரு தடவையும் வீக்கம் வந்தால் மூச்சு விட்டாற்போலத்தான். அதனால் பெரிய தூசியைக் குழாயின் உள்பக்கத்து நுண்மயிர்கள் சளியோடு சேர்த்து மேலே தொண்டைக்குத் தள்ளிவிடும் (நல்லா இருக்கிற ஆளுக்கும் சளி உண்டு, அது இல்லாவிட்டால்தான் ஆபத்து). காற்றுப் பை வரை போய்விட்டதை மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கும் அணு சத்தம் காட்டாமல் விழுங்கிவிடும், ஆள் கூப்பிடாது, கூட்டம் சேர்க்காது. இந்த அமைதி கெட்டுப்போகிற விதம்தான் ஒவ்வொரு நோயிலும் மாறுகிறது.

முதலில் என் கதை. அம்பாசமுத்திரத்தில் ஜூன் பிறந்தால் மலையிலிருந்து சாரல், வீட்டுச் சுவரெல்லாம் ஈரம், துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஒரு வாடை போகாது, இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தூசு உண்ணிக்கு இதைவிடச் சொர்க்கம் வேறு இல்லை. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் நீளம், நம் தோலிலிருந்து உதிர்கிற செதிலைத் தின்று பிழைக்கும், கடிக்கக்கூடச் செய்யாது. அதன் எச்சம் காற்றில் கலந்து மூச்சில் போகும், நிறையப் பேருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. என்னைப் போன்ற ஆட்களின் உடம்பு மட்டும் அதைப் பெரிய எதிரி என்று முடிவுகட்டி, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் வேலை பார்த்த ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் 1966-இல் இதைக் கண்டுபிடித்தார்கள், அதே சமயத்தில் ஸ்வீடனிலும் தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

அந்த ஐஜிஇ, மாஸ்ட் செல் என்ற அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்துக் கிடக்கும். அடுத்த தடவை அதே எச்சம் வந்ததும் சில நிமிஷத்தில் அந்த அணுக்கள் ஹிஸ்டமின், லூகோட்ரையீன் என்று உள்ளே வைத்திருக்கிற, புதிதாகச் செய்கிற ரசாயனங்களையெல்லாம் கொட்டும், குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகும். இது முதல் ஆட்டம். நாலைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது ஆட்டம், இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்கி, குழாயின் சுவரையே வீங்க வைத்துவிடும், சளியும் கெட்டியாகச் சுரக்கும், இது நாள்கணக்கில் போகும். குழாயின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்குதான் ஆகும் என்று நினைப்போம், கணக்குப்படி 16 மடங்கு. சின்னப் பிள்ளைகளுக்குக் குழாயே சிறிசு என்பதால் அதே அளவு வீக்கம் அவர்களை இன்னும் அதிகமாகப் படுத்தும். விடிகாலை மூன்று, நாலு மணிக்கு வீசிங் ஏன் கூடுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது: நம் உடம்பு தானே சுரக்கிற கார்டிசால்தான் அழற்சியை அடக்கி வைக்கிற பெரிய கை, அது நடு ராத்திரியில் ரொம்பக் குறைந்துவிடும், விடியும்போதுதான் மறுபடி ஏறும். இந்தக் கார்டிசாலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நீல நிறப் பம்பில் இருப்பது சால்பூட்டமால், 1969-இல் விற்பனைக்கு வந்தது. இறுகிப்போன தசையைச் சில நிமிஷத்தில் தளர்த்திவிடும், போன உயிர் திரும்பி வந்தாற்போல் இருக்கும், ஆனால் வீக்கத்தை அது தொடவே தொடாது. வீக்கத்தைக் குறைப்பது மூச்சோடு உள்ளே இழுக்கிற ஸ்டீராய்டு, 1972-இல் பெக்லோமெத்தசோன் அப்படி வந்தது, இப்போது பியூடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் என்று பல வந்துவிட்டன. இதில் ஒரு சங்கடம், அடித்த உடனே எந்தச் சுகமும் தெரியாது, தினமும் அடித்தால் நாளாக ஆகத்தான் தெரியும். உடனே கேட்கிற நீலப் பம்ப் நல்ல மருந்து, ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கிற மற்றது காசுக்குக் கேடு என்று ஜனங்கள் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இளைப்பு நின்றதும் அதை நிறுத்திவிடுவார்கள், வீக்கம் உள்ளே அப்படியே இருக்கும், ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். நீலப் பம்பை மட்டும் நம்பியிருந்தவர்கள் பலர் திடீரென்று மோசமாகி இறந்துபோனதைப் பார்த்துத்தான், உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டுகிற ஜீனா அமைப்பு 2019-இல் தன் பரிந்துரையையே மாற்றியது: பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும், லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும், தசையைத் தளர்த்தும் மருந்தைத் தனியாகக் கொடுக்க வேண்டாம், ஸ்டீராய்டு கூடவே இருக்க வேண்டும்.

"பம்ப் புடிச்சா பழகிப்போயிரும், பொறவு விடவே முடியாது" என்று எனக்கு அறிவுரை சொல்லாத சொந்தக்காரர் பாக்கி இல்லை. கண்ணாடி போட்டால் பழகிவிடும் என்று அவர்கள் யாரும் கண்ணாடியைக் கழற்றி வைக்கவில்லை. ஸ்டீராய்டுப் பம்ப் அடித்த பிறகு வாயைத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரல் கரகரக்கும். பிளாஸ்டிக் கூடு ஒன்று விற்பார்கள், ஸ்பேசர் என்று, அதில் மாட்டி அடித்தால் மருந்து தொண்டையில் அப்பாமல் உள்ளே போகும். மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை: நான் இப்போது படுப்பது பத்தமடைப் பாயில். காலையில் சுருட்டி, வெயிலில் போட்டு, உதறி எடுத்துவிடலாம், இலவம்பஞ்சு மெத்தையை அப்படிச் செய்ய எனக்குத் தெம்பு கிடையாது.

அத்தை கதை வேறு.

நெஞ்சு டாக்டர் முதல் தடவை பார்த்தபோது "புகை பிடிக்கிற பழக்கம் உண்டா" என்று வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார். அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "சுத்துனது பூராம் ஊருக்கு. நான் ஒரு பீடிய வாயில வச்சவ இல்ல, கேட்டுக்கிடுங்க." டாக்டர் அசரவில்லை, அடுத்து அடுப்பைப் பற்றிக் கேட்டார். பனை மட்டை, உடைமுள், காய்ந்த பாளை, மழைக்காலத்தில் ஈர விறகு, ஜன்னல் இல்லாத அடுக்களை, ஊதுகுழல். பிறந்த வீட்டில் தொடங்கி இங்கே கேஸ் வரும் வரை அதுதான். அதோடு மடிமேல் எந்நேரமும் புகையிலைத் தூள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, எண்ணிக்கை குறைந்தால் காசு போச்சு, காற்றுக்குத் தூளும் இலையும் பறக்கும் என்று ஃபேனைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிகரெட் குடித்த ஆம்பிளைகளுக்குத்தான் சிஓபிடி வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எங்கள் பக்கத்துப் பொம்பளைகளின் நெஞ்சில் ஒரு நாள் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுப் பார்க்கட்டும்.

ஊதிப் பார்க்கிற டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, அங்கே இருந்த பெண் "இழுங்க, இழுங்க, இழுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்" என்று தேர் இழுக்கிற மாதிரி கத்த, அத்தை பாதியில் சிரித்துவிட்டார், மறுபடி முதலிலிருந்து. ஒன்று போல் மூன்று தடவை வர வேண்டும். அப்புறம் பம்ப் அடித்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, திரும்ப ஊதச் சொல்வார்கள். மொத்தமாக ஊதின காற்றில் முதல் விநாடியிலேயே எவ்வளவு வெளியே வந்தது என்பதுதான் கணக்கு, மருந்துக்குப் பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் சிஓபிடி என்று யோசிப்பார்கள். எனக்கு இதே டெஸ்டில் பம்புக்குப் பிறகு கோடு நன்றாக ஏறிவிட்டது. அத்தைக்கு ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்றால், அங்கே வந்திருக்கிற ஆட்கள் வேறு. புகையை விழுங்கி விழுங்கி ஓய்ந்துபோன மேக்ரோஃபேஜ்கள் உதவிக்குக் கூப்பிட, நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் வந்து இறங்கும். அவை கிருமியைக் கரைக்க வைத்திருக்கிற எலாஸ்டேஸ் என்ற நொதி, காற்றுப் பையின் சுவரில் இருக்கும் மீள்தன்மையுள்ள நாரையும் சேர்த்தே கரைத்துவிடும். இதைத் தடுக்க ரத்தத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்று ஒரு புரதம் உண்டு. ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்ற இரண்டு பேர் 1963-இல் இந்தப் புரதம் பிறவியிலேயே குறைவாக இருந்த சிலரைக் கண்டார்கள், அவர்களில் பலருக்கு நடு வயதுக்கு முன்பே நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. நுரையீரலை அழிப்பது புகை மட்டும் இல்லை, நம்முடைய சொந்த நொதியும்தான் என்பது அதன் பிறகே பிடிபட்டது. புகைக்கு இன்னொரு கெட்ட குணம், இருக்கிற கொஞ்சநஞ்ச ஆன்டிட்ரிப்சினையும் செயலிழக்க வைத்துவிடும். நார் போன காற்றுப் பை, இழுவை போன எலாஸ்டிக் மாதிரி விரிந்தது விரிந்தபடியே நிற்கும், உள்ளே போன காற்று வெளியே வராது. அத்தை வாயைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விடுவது அதனால்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, உடம்பே கண்டுபிடித்த உபாயம், அப்படி ஊதும்போது சின்னக் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் இருக்கும்.

இந்த அழற்சி ஸ்டீராய்டுக்குப் பெரிதாக மசியாது. என் இயோசினோஃபில் அடங்குகிற மாதிரி அத்தையின் நியூட்ரோஃபில் அடங்காது. அதனால் அவருக்கு முக்கிய மருந்து குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கிற பம்ப்தான். சிஓபிடிக்காரர்களிலும் சிலருக்கு இயோசினோஃபில் கூடுதலாக இருக்கும், சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும், ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்து, அடிக்கடி மோசமாகிறவராகவும் இருந்தால் ஸ்டீராய்டுப் பம்பைச் சேர்ப்பதில் பலன் இருக்கிறது, 100-க்குக் கீழே என்றால் பலன் இல்லை, மேலும் சிஓபிடியில் அது நிமோனியா வரும் வாய்ப்பையும் கூட்டும். எனக்கு உயிர்நாடியான மருந்து அத்தைக்கு வேண்டாத வேலை. அத்தையின் பம்பை மட்டும் நான் அடித்தால் தசை தளரும், வீக்கம் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும், அது அதைவிட மோசம். பம்பைக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு இனி இந்தப் பத்தியைத்தான் காட்டப்போகிறேன்.

கேஸ் வந்த பிறகும் குளிக்க வெந்நீர் மட்டும் பின்வாசலில் விறகில் போட்டுக்கொண்டிருந்தார் அத்தை, கேஸ் வீணாகிறதாம். அதை நிறுத்த வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புகையை நிறுத்தினால் அழிந்த பை திரும்ப முளைக்காது, ஆனால் இனி அழிகிற வேகம் குறையும், சிகரெட்டோ பீடியோ குடிக்கிறவர்களுக்கும் இதேதான்.

டிபியிலும் இந்தக் கதைதான், ஆனால் திருப்பம் வேறு. 1882-இல் ராபர்ட் கோக் கண்டுபிடித்துச் சொன்ன அந்தக் கிருமியை மேக்ரோஃபேஜ் விழுங்கும், கொல்ல முடியாது. சரி, வெளியே போகாமலாவது அடைத்து வைப்போம் என்று அணுக்கள் அதைச் சுற்றி வட்டம் கட்டி நிற்கும். கோடிக்கணக்கானவர்கள் உடம்பில் அந்த வட்டம் ஆயுசு முழுவதும் காவல் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது உடையும்போதுதான் வினை. நுரையீரலில் ஓட்டை விழுவதைப் பெரும்பாலும் கிருமியின் வேலை என்று நினைப்போம், அதில் பெரிய பங்கு நம் எதிர்ப்புச் சக்திக்கு உண்டு. எச்ஐவி முற்றி எதிர்ப்புச் சக்தி போனவர்களுக்கு டிபி வந்தால் அந்த மாதிரி ஓட்டை குறைவாகவே விழுகிறது, சண்டை போட ஆள் இல்லையே. ஆறு மாத மருந்து கிருமியைக் கொன்றுவிடும், சண்டை நடந்த இடத்தின் தழும்பும் விரிந்துபோன குழாய்களும் அப்படியே இருக்கும். படி ஏறினால் இளைப்பது அந்தத் தழும்பால். டிபி திரும்ப வந்துவிட்டது என்று பயப்படவும் வேண்டாம், சும்மா சிரப்புக் குடித்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம், சளி டெஸ்டும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

வேலை பார்க்கிற இடத்துத் தூசி தனிக் கதை, பதிவு நீண்டுகொண்டே போகிறது என்பதால் சுருக்கமாக. கல்குவாரி, கிரஷர் தூசியில் இருக்கும் சிலிக்கா ரொம்ப மோசம்: மேக்ரோஃபேஜ் விழுங்கும், செரிக்காது, அந்த அணு செத்து சிலிக்காவை வெளியே விடும், அடுத்தது வந்து விழுங்கும், அதுவும் சாகும். வேலையை விட்டு வந்த பிறகும் இந்தச் சுழல் நிற்காது, தழும்பு பரவிக்கொண்டே போகும், இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. பஞ்சாலைக்காரர்களுக்கு ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், செவ்வாய் புதனில் குறையும், பஞ்சுத் தூசியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா நஞ்சுக்கு உடம்பு காட்டுகிற கோபம் அது. பிசான அறுப்பு முடிந்து, மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோல் படப்பைப் பிரிக்கிறவர்களுக்கு சாயங்காலம் காய்ச்சலும் இருமலும் வந்தால் உடனே வைரல் ஃபீவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள், பூஞ்சைத் தூளுக்குக் காற்றுப் பையே வீங்குகிற வியாதி ஒன்று இருக்கிறது. புறா வளர்க்கிறவர்களுக்கும் அது வரும். மொட்டைமாடியில் புறாக்கூண்டு வைத்திருக்கிற எங்கள் தெரு இளவட்டங்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

கொரோனா வந்தபோது ஒரு விஷயம் எல்லோருக்கும் வெளிச்சமானது. பலருக்குக் கிருமி ஓயத் தொடங்குகிற சமயத்தில், முதல் வாரம் முடிந்து, உடம்பின் அழற்சிதான் நுரையீரலை நீரால் நிரப்பியது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, 1950-களிலிருந்தே இருக்கிற டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டை, தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்துப் பார்த்துச் சொன்னது: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்று தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. காய்ச்சல் வந்த அன்றைக்கே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும், அழற்சி கிருமியை எதிர்த்து நிற்க வேண்டிய நேரத்தில் அதன் கையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? சர்க்கரை எகிறியது. 2021-இல் கருப்புப் பூஞ்சை என்று ஊரே நடுங்கியதில் சர்க்கரை நோய்க்கும் தாறுமாறான ஸ்டீராய்டுக்கும் பெரிய பங்கு இருந்தது.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிற இடம். எங்கள் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை, பெயர் வேண்டாம். "அண்ணாச்சி, மூச்சு வாங்குது, ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும், சீட்டும் கேட்கமாட்டார், வயசும் கேட்கமாட்டார். சின்னக் காகிதக் கவர், அதற்குள் அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட மாத்திரைகள், பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது, கவர் மேல் பேனாவால் மூன்று கோடு, அவ்வளவுதான், மூன்று வேளை என்று அர்த்தம். ஒன்று மூக்கொழுகலுக்கு, அது தூக்கம் வரவைக்கும். ஒன்று குழாயை விரிக்க. ஒன்று காய்ச்சலுக்கு. கூடவே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி மாத்திரை, வேலை செய்வது அதுதான், ஸ்டீராய்டு. ஒரே நாளில் மூச்சு சுகமாகிவிடும், பசி நன்றாக எடுக்கும், உடம்பில் தெம்பு வந்தாற்போல் இருக்கும், கைராசிக்காரர் என்று கடைக்குப் பெயரும் வந்துவிடும்.

கார்டிசாலின் நகல்தான் இந்த ஸ்டீராய்டு. கார்டிசாலின் நெருங்கிய சொந்தமான கார்டிசோனை வைத்து ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூன்று பேருக்கும் 1950-இல் நோபல் கிடைத்தது, ஆஸ்துமா கடுமையாகும்போது ஐந்து நாள், ஏழு நாள் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிற பிரெட்னிசோலோன் உயிரைக் காப்பாற்றும், எனக்கே காப்பாற்றியிருக்கிறது. மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் ஊதும், எலும்பு மெலியும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், கண்ணில் புரை விழும், தோல் தொட்டாலே கன்றிப்போகும். பம்பில் ஒரு இழுப்புக்கு 100, 200 மைக்ரோகிராம், அதுவும் போக வேண்டிய குழாய்க்கே நேராகப் போகிறது. மாத்திரையில் 40 மில்லிகிராம் என்றால் 40,000 மைக்ரோகிராம், உடம்பு முழுக்கச் சுற்றும். மருந்துக்கு மருந்து வீரியம் மாறும் என்பதால் நேர்க்கணக்கு போடக்கூடாதுதான், ஆனாலும் பம்புக்குப் பயந்து கவருக்கு ஓடுகிறவர்கள் எதிலிருந்து எதற்கு ஓடுகிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

எதிர்வீட்டு ஆச்சி இந்தக் கவரில் வருஷக்கணக்காக இருந்தவர். முகம் வட்டமாகிக் கன்னம் பளபளவென்று இருக்கும், "ஆச்சி சதை போட்டுட்டாக, நல்லா இருக்காக" என்று பேரன் பேத்திகள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஸ்டீராய்டு என்று பயமுறுத்த, ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டார். இரண்டு நாளில் வாந்தி, எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, பிரஷர் கீழே, ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள். வெளியிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி 'நமக்கு வேலை இல்லை' என்று சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டுவிடும், வெளியே இருந்து வருவதை டக்கென்று நிறுத்தினால் அந்தச் சுரப்பியால் உடனே எழுந்து ஓட முடியாது. அதனால் கவர் மாத்திரை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கவரை அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், எத்தனை மாதமாக என்று மறைக்காமல் சொல்லுங்கள், அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவருவார், கூடவே பம்பும் தொடங்குவார். ஆச்சிக்கு அப்படிக் குறைக்கிறதற்கே பல மாதம் ஆனது. முகம் பழையபடி ஒடுங்கிவிட்டது, ஸ்பேசரில் பம்ப் அடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார், ஆனால் திண்ணையில் உட்கார்ந்தால் "என்ன இருந்தாலும் அண்ணாச்சி குடுத்த அந்தக் குட்டி மாத்திர மாதிரி வராதுட்டி" என்று என்னிடமே சொல்கிறார்.